ஹெர்மிஸ் கப்பலும் முதிய சுழியோடியும்

மட்டக்களப்புக் கரைக்கு எதிரே, வங்கக் கடலின் அடித்தரையில், ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1918 சனவரியில் ஏரா என்னும் அடிமரம் போடப்பட்டு, 1924இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 8ஆம் தேதி, சப்பானிய விமானத் தாக்குதல் வரப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகிச் சென்றது. மறுநாள் திரும்பும் வழியில் மட்டக்களப்புக்கு நேரே சப்பானிய விமானங்களின் கண்ணில் பட்டது. அன்று கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. குண்டுகள் அடுத்தடுத்து விழ, கொஞ்ச நேரத்தில் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கம் வந்ததால் ஏறத்தாழ 600 பேர் உயிர் தப்பினர். துணைக்கு வந்த வாம்பயரும், ஹாலிஹாக் என்ற போர்க்கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் இதே கடலில் மூழ்கின.

ஹெர்மிஸைக் காண மூழ்குபவர்களில் தலை நரைத்தவர்களும் உண்டு. பொழுதுபோக்குக்காக மூழ்குபவர்களுக்குப் பயிற்சி நிறுவனங்கள் வகுத்த எல்லை 40 மீட்டர். அதைக் கடந்து போக வேண்டிய பயிற்சியும் பழக்கமும் கருவிகளும் ஒருவரிடம் சேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. கைக்குப் பக்குவம் வரும் வயதில் இதயத்துக்கும் மூட்டுகளுக்கும் தேய்மானம் வந்துவிடுகிறது. அந்த வயதில் ஆழத்துக்கு, அதுவும் தனியே, போக விரும்பும் ஒருவர் ஆபத்தை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு மட்டக்களப்புக் கடல் நல்ல இடம். ஒரே நாளில் மூழ்கிய இரண்டு கப்பல்கள் இங்கே இரண்டு வேறு ஆழங்களில் கிடக்கின்றன. ஒன்றுக்குத் தனியே போகலாம். மற்றதற்குத் தனியே போகக் கூடாது.

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு உதயதேவி என்ற ரயில் ஓடுகிறது. மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல் ஓயா சந்தியில் திருகோணமலைப் பாதையையும் விட்டு விலகி, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனாணை என்று உலர்ந்த காடுகளுக்கும் குளங்களுக்கும் நடுவே கிழக்கே போகிறது. வாழைச்சேனையை எட்டியதும் காற்றில் உப்பு தெரிகிறது. பகல் முழுவதும் எடுக்கும் பயணம். சிலிண்டர்களைக் கொழும்பிலிருந்து தூக்கிச் செல்வதில்லை. அவை கரையில் கிடைக்கும். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் மணிக்கட்டுக் கணினி, முகக்கண்ணாடி, மிதவை அங்கி ஆகியவற்றைச் சொந்தமாகவே கொண்டு போவார்கள். இரவல் ரெகுலேட்டரின் பழக்கவழக்கம் 50 மீட்டரில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

மட்டக்களப்பு வாவி நகரத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே 50 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. கல்லடிப் பாலத்தின் அடியில் முழுநிலவு இரவுகளில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் ஒலியால்தான் ஊருக்கு ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று பெயர். பாலத்தைத் தாண்டினால் கடல். 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையை வழித்துக்கொண்டு போனது. கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அன்று சாய்ந்தது. வடக்கே பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதற்கு அருகில், வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம்.

இங்கே காற்றுதான் நாள்காட்டி. கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று வீசும். கடல் கலங்கி, படகு இறங்காது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் திறந்திருக்கும். அந்த மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். மலைநாட்டில் மழையை இறக்கி வைத்துவிட்டு வரும் வறண்ட, சூடான காற்று அது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் காலையில் கரையோரக் கடல் தகடுபோல் கிடக்கும். அந்தத் தகட்டை நம்பி வருபவர்கள் அதன் மறுபக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் உடலின் நீரை உறிஞ்சிவிடும். நீர் வற்றிய உடலில் இரத்தம் தடிக்கிறது. ஆழத்தில் உடலில் கரைந்த வாயு மேலே வரும்போது குமிழியாவதால் வரும் அழுத்தத் தளர்வு நோய்க்கு அது வழி திறந்துவிடுகிறது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது என்பதால் முதியவர் தாகத்துக்குக் காத்திருக்காமல் முதல் நாள் மாலையிலிருந்தே அளந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.

தனியே மூழ்குவது தமிழ்க் கடல்மரபுக்கு அந்நியம். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம் கீழே இருந்து சிப்பி எடுத்தார்கள். ஆழம் பெரும்பாலும் 10 பாகத்துக்குள், அதாவது 18 மீட்டருக்குள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நின்றார். அசைவு தெரிந்ததும் இழுப்பது அவர் வேலை. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கை தாலி நிலைக்க வேண்டும் என்ற கவலை அவனுக்குத்தான் இருக்கும் என்று கடலோரத்தில் இன்றும் சொல்வார்கள். மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பது பழமொழி. துணையின் தகுதி அவருடைய திறமையில் மட்டும் இல்லை, கீழே இருப்பவரின் உயிர் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதிலும் இருக்கிறது என்பதை அந்த மரபு தெளிவாக அறிந்திருந்தது.

சிலிண்டரோடு மூழ்கும் காலத்தில் இருவர் இருவராகப் போவது உலகெங்கும் விதியாயிற்று. அந்த விதி படகில் அன்று காலை அறிமுகமான இருவரைச் சேர்த்துவிட்டாலும் நிறைவேறிவிடுகிறது. அதுதான் அதன் பலவீனம். அனுபவமுள்ள சுழியோடிகள் சிலர் தனியே போகத் தலைப்பட்டதற்கு இதுவே முதல் காரணம்: பழக்கமில்லாத துணையால் தனக்குக் கிடைக்கும் பாதுகாப்பைவிட, அவரைக் காப்பதற்குத் தான் செலவிடும் கவனம் அதிகம். 1990களின் இறுதியிலிருந்து தனியே மூழ்குவதற்கென்றே பயிற்சியும் சான்றிதழும் வந்துவிட்டன. அந்தப் பயிற்சிகள் 40 மீட்டர் எல்லைக்குள் நிற்பவை. அதைத் தாண்டித் தனியே போகிறவர் தன் பொறுப்பில் போகிறார்.

தனியே மூழ்குவதன் ஆபத்துகளை எத்தனையோ விதமாக அடுக்கலாம். முதிய சுழியோடிக்குப் பயன்படும் பிரிவு ஒன்றுதான்: கருவியால் ஈடுசெய்யக் கூடியவை, கூடாதவை. காற்று தீர்ந்துபோனால் துணை தன் சிலிண்டரைப் பகிர்வார். அவருக்குப் பதில் தனியான இரண்டாவது சிலிண்டரும் ரெகுலேட்டரும் போதும். மீன்வலையில் சிக்கினால் துணை அறுத்துவிடுவார். கைக்கு எட்டும் இரண்டு இடங்களில் இரண்டு கத்திகள் அந்த வேலையைச் செய்யும். முகக்கண்ணாடி உடைந்தால் பையில் இன்னொன்று. கணினி நின்றால் மறு மணிக்கட்டில் இன்னொன்று. ஆனால் நினைவு தப்பினால்? வாயிலிருந்து நழுவும் ரெகுலேட்டரைப் பிடித்து, மிதவை அங்கியில் காற்றை ஊதி, மேலே கொண்டுவர ஒரு மனிதர் வேண்டும். அதைச் செய்யும் கருவி எந்தச் சுழியோடியின் முதுகிலும் இல்லை. வயது கூட்டுவது இந்த இரண்டாம் வகை ஆபத்தைத்தான். முதிர்ந்த சுழியோடியின் அனுபவம் முதல் வகையை ஆண்டுதோறும் குறைக்கிறது. அவருடைய இரத்தக் குழாய்கள் இரண்டாம் வகையை ஆண்டுதோறும் கூட்டுகின்றன. இதை ஒப்புக்கொள்ளாமல் செய்யும் எந்தக் கணக்கும் பொய்க்கணக்கு.

1992 முதல் 2003 வரை நேர்ந்த 947 சுழியோட்ட மரணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. தொடக்கக் காரணம் தெரிந்த சம்பவங்களில் 41 விழுக்காடு காற்றுப் பற்றாக்குறையில் தொடங்கின; 20 விழுக்காடு சிக்கிக்கொண்டதில்; 15 விழுக்காடு கருவிக் கோளாறில். இவை மூன்றும் கருவியாலும் ஒழுங்காலும் தடுக்கக்கூடியவை. உடலை வீழ்த்திய காரணங்களைப் பார்த்தால் மூச்சடைப்பு 33 விழுக்காடு, தமனிக்குள் காற்றடைப்பு 29 விழுக்காடு, இதயக் கோளாறு 26 விழுக்காடு. அந்தக் கடைசி எண்ணில்தான் முதியவரின் விதி ஒளிந்திருக்கிறது.

நீரில் இறங்கியதுமே கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் இரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேல் மார்புக்கூட்டுக்குள் ஏறுகிறது. இதயம் கூடுதல் சுமையைத் தள்ள வேண்டும். இளம் இதயம் இதைக் கவனிப்பதே இல்லை. உயர் இரத்த அழுத்தத்தால் விறைத்த இதயத்துக்கு இது சோதனை. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து, ஆழம் குறைவாக இருக்கும்போதே இருமலும் மூச்சுத் திணறலும் வந்துவிடும். அந்த நிலையில் காற்று கிடைக்கவில்லையே என்று ரெகுலேட்டரைக் குறை சொல்லி வாயிலிருந்து பிடுங்கியவர்கள் உண்டு. உடலின் உச்ச உழைப்புத் திறன் முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்குப் பத்து விழுக்காடு அளவில் குறைகிறது. எதிர்நீரோட்டத்தில் ஐந்து நிமிடம் நீந்துவது முப்பதில் விளையாட்டு. அறுபத்தைந்தில் அது உச்ச உழைப்பு. மிதிவண்டியிலோ ஓடுபட்டையிலோ உழைத்துக்காட்டி இதயத்தைச் சோதித்துக்கொள்ளாமல் கடலில் சோதிப்பது பெரும்பிழை. ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சோதனையைச் செய்துகொள்வதும், புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்தால் அந்தப் பருவத்தில் ஆழத்தைக் குறைப்பதும் முதிய சுழியோடியின் ஆயத்தத்தில் முதல் இடம் பெற வேண்டும்.

வயதால் கடல் மூடிவிடுவதில்லை என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. 1956இல் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க், அதே ஆண்டில் மைக் வில்சனோடு திருக்கோணேச்சரப் பாறையின் அடியில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டவர். 1962இல் உடல் முடங்கி மீண்ட பின்னும் அவர் கடலை விடவில்லை. தரையில் எடை தாங்க மறுத்த உடலைத் தண்ணீர் தாங்கியது. ரே வூலி என்ற பிரித்தானியர் 2019இல், தமது 96ஆம் வயதில், சைப்ரஸ் தீவின் லார்னகா கடலில் கிடக்கும் செனோபியா கப்பலுக்கு 42.4 மீட்டர் ஆழம் வரை இறங்கி 48 நிமிடம் மூழ்கியிருந்தார். அந்தப் பயணத்தில் அவரைச் சூழ ஒரு கூட்டமே இருந்தது. ஆழத்தை வயது தடுக்கவில்லை. ஆனால் தனிமையை அவர் தேடவும் இல்லை.

மட்டக்களப்புக்கு வந்த முதல் நாளில் ஹெர்மிஸுக்குப் போகக் கூடாது. வடக்கே பாசிக்குடா, கல்குடாப் பக்கத்தில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஏறத்தாழ 24 மீட்டரில் கிடக்கிறது. இரண்டாக உடைந்து கவிழ்ந்த எண்ணெய்க் கப்பல். இந்த ஆழத்தில் முதியவர் தனியே மூழ்குவது நியாயம். தனிச் சுழியோடிகளிடையே ஒரு பழைய அளவுகோல் உண்டு: மூச்சை அடக்கி எவ்வளவு ஆழம் போய்வர முடிகிறதோ, சிலிண்டரோடு தனியே போவது அதன் இருமடங்கைத் தாண்டக் கூடாது. 12 மீட்டர் வரை மூச்சடக்கிப் போகும் அறுபது வயதுக்காரருக்கு அந்த எல்லை 24. எல்லாக் கருவியும் கைவிட்டாலும் உடல் மட்டும் வைத்து மேலே வந்துவிடக்கூடிய தொலைவு அது என்பதே அளவுகோலின் உட்பொருள். ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் மூச்சடக்கிப் பார்த்து, எண் குறைந்திருந்தால் எல்லையையும் குறைத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டின் எண்ணை இந்த ஆண்டும் வைத்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது.

அந்த 24 மீட்டரில் தனிமைக்கு உரிய பலன் முழுவதும் கிடைக்கிறது. யாருடைய வேகத்துக்கும் ஈடு கொடுக்க வேண்டாம். ஒரு களவாய் மீனின் முன்னால் பத்து நிமிடம் அசையாமல் இருக்கலாம். அசையாமல் இருப்பவரின் மூச்சு குறைகிறது, இதயம் நிதானமாகிறது, கவனம் கூர்மையாகிறது. தனியே மூழ்குபவர்கள் இதற்காகத்தான் மூழ்குகிறார்கள். துணிச்சலைக் காட்ட வருகிறவர்கள் இந்த வயது வரை நீடிப்பது அரிது. சார்ஜன்டில் இரண்டு நாள் மூழ்கும்போது ஒரு பட்டியலும் தானாக உருவாகும்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் மூச்சு, இடது தோள் எவ்வளவு உயரம் எழுகிறது, மாற்று முகக்கண்ணாடியை மாட்ட எத்தனை விநாடி. ஹெர்மிஸுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு விடை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

தோள் என்பது சின்ன விஷயம் இல்லை. இரட்டைச் சிலிண்டரை முதுகில் சுமப்பவர் கழுத்துக்குப் பின்னால் கை நீட்டி வால்வைத் திருகி மூடத் தெரிந்திருக்க வேண்டும்; ஒரு ரெகுலேட்டர் கட்டுக்கடங்காமல் காற்றைக் கொட்டினால் உயிர் காப்பது அந்த ஒரு திருகல். அறுபதில் பலருடைய தோள் அங்கே போவதில்லை. இதனால் முதியவர்கள் பலர் சிலிண்டர்களை இரு விலாப்பக்கமும் தொங்கவிடும் முறைக்கு மாறிவிடுகிறார்கள். வால்வு மார்புக்கு எதிரே, கண்ணுக்கு நேரே இருக்கும். சுமையைப் படகிலிருந்து தண்ணீரில் இறக்கிவிட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு ஆடும் படகில் எழுந்து நிற்க வேண்டாம். வெள்ளெழுத்தும் அப்படியே. ஆழ்கடலின் நீலத்தில் கணினியின் சிறு எண்களைப் படிக்க முடியாதவருக்கு முகக்கண்ணாடியின் அடிப்பகுதியில் படிப்புக் கண்ணாடி ஒட்டித் தருவார்கள். 3ஐ 8 என்று படிப்பதில் ஓர் உயிர் போகக்கூடும்.

அடுத்தது காற்றுக் கணக்கு. 53 மீட்டரில் மொத்த அழுத்தம் கரையில் உள்ளதைப் போல 6.3 மடங்கு. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 126 லிட்டர் இழுக்கிறார். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் இருப்பது 2400 லிட்டர். 19 நிமிடத்தில் காலி. பதற்றம் வந்தால் மூச்சு இரட்டிக்கும். பத்து நிமிடம்கூடத் தாங்காது. இரண்டு சிலிண்டரில் 4800 லிட்டர். நீரடிக் குகைகளில் மூழ்குபவர்களிடமிருந்து வந்த விதி, மூன்றில் ஒரு பங்கை மட்டுமே போவதற்குச் செலவிடு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்கிறது. அந்த ஒரு பங்கு 1600 லிட்டர். 126ஆல் வகுத்தால் 12 நிமிடமும் கொஞ்சமும். 180 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு கப்பலுக்கு 12 நிமிடம். கப்பலின் எந்த முனை என்பதை மட்டுமே தெரிவு செய்ய முடியும்; இரண்டையும் பார்க்க ஆசைப்படக் கூடாது.

காற்றின் அளவு ஒரு பக்கம், அதன் கனம் இன்னொரு பக்கம். ஆழத்தில் காற்று தடிக்கிறது. அதை நெஞ்சுக்குள் இழுத்துத் தள்ளுவதே உழைப்பாகிறது. மூச்சுவாயு லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டவே கூடாது என்று ஆய்வாளர்கள் 2016இல் பரிந்துரைத்தனர். சாதாரணக் காற்று 38 மீட்டரிலேயே அந்த மேல் எல்லையைத் தொட்டுவிடுகிறது. 53 மீட்டரில் அது 8 கிராமைக் கடந்துவிடும். தடித்த வாயுவில் உழைத்தால் கரியமில வாயு உடலுக்குள் தேங்கும். தேங்கியதை வெளியேற்ற வேகமாக மூச்சுவிட வேண்டும். வேகமாக மூச்சுவிட்டால் இன்னும் உழைப்பு. இந்தச் சுழலிலிருந்து தானாக வெளிவர முடியாது. தென்னாப்பிரிக்காவின் போஸ்மன்ஸ்காட் நீர்க்குகையில், 2005 சனவரி 8ஆம் தேதி, 50 வயது டேவ் ஷா 270 மீட்டர் ஆழத்தில் இறந்தது இப்படித்தான். பத்தாண்டுக்கு முன் அங்கே இறந்த ஓர் இளைஞரின் உடலை மேலே கொண்டுவரச் சென்றவர் அவர். உடலை உறையில் இடும் வேலையில் மூச்சு ஏறியது. அவருடைய தலைக்கவசக் கேமரா பதிவு செய்திருந்த மூச்சொலியை வைத்தே பிறகு மருத்துவர்கள் காரணத்தை விளக்கினார்கள். அந்த ஆழத்தில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

நைட்ரஜனின் மயக்கமும் சேரும். 1947இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த மொரீஸ் ஃபார்க், தூலோன் கடலில் கயிற்றில் கட்டிய பலகைகளில் ஆழம்தோறும் கையெழுத்திட்டுக்கொண்டே இறங்கி, 120 மீட்டர் அளவில் கையெழுத்திட்ட பின் நினைவிழந்து மாண்டார். மயக்கத்தின் கொடுமை, அது தெளிவுபோலவே தோன்றுவது. துணை இருந்தால் கண்ணில் தெரியும் வெறிப்பைக் கண்டு கையைப் பிடித்து இழுப்பார். தனியே இருப்பவருக்குத் தன் புத்தியை அளக்கத் தன் புத்தியே கருவி. இந்தக் காரணத்தால் ஹெர்மிஸுக்குச் சாதாரணக் காற்றில் போவதை முதியவர் விட்டுவிடுவது நல்லது. ஆக்சிஜன் 18, ஹீலியம் 45, மீதி நைட்ரஜன் என்று கலந்த வாயுவில் கனம் 5 கிராமுக்குச் சற்றே மேல் நிற்கும். மயக்கமும் 20 மீட்டரில் காற்றை மூச்சுவிடுவதற்கு ஒப்பாகக் குறையும். ஹீலியத்தை மாதக்கணக்கில் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும், செலவும் அதிகம். கிடைக்காவிட்டால் அந்தப் பருவத்தில் சார்ஜன்டோடு திரும்புவதுதான் முறை.

அந்த ஏற்பாடெல்லாம் முடிந்தாலும் ஹெர்மிஸ் தனியே போகும் இடம் ஆகிவிடாது. 53 மீட்டரிலிருந்து மூச்சடக்கி மேலே வர முடியாது. வந்தாலும், கரைந்த வாயு வெளியேறக் காத்திருக்க வேண்டிய அழுத்தத் தளர்வு நிறுத்தங்கள் நடுவில் குறுக்கே நிற்கின்றன. நினைவு தப்பும் ஆபத்து மிகுதியாக இருக்கும் ஆழமும், நேராக மேலே போக முடியாத ஆழமும் ஒன்றாகச் சேரும் இடம் அது. முதிய சுழியோடி அங்கே ஒருவரோடு போக வேண்டும், ஆனால் தனியே போகிறவரைப் போலவே ஆயத்தமாக வேண்டும். துணையின் சிலிண்டர் தன் கணக்கில் வராது. துணையின் கண் மட்டும் வரும். அந்தத் துணை முன்பே சேர்ந்து மூழ்கியவராக, மச்சான் இடத்தில் வைத்து நம்பக்கூடியவராக இருக்க வேண்டும்.

புறப்படும் நாள் விடியுமுன் எழ வேண்டும். இரண்டு இடியப்பம், கொஞ்சம் சொதி. வயிறு நிறையச் சாப்பிட்டால் படகு ஆட்டத்தில் நிற்காது. தூக்கம் கெட்டிருந்தாலோ, மார்பில் இனம் தெரியாத கனம் இருந்தாலோ அன்று கடல் இல்லை. இதை முதல் நாள் இரவே படகோட்டியிடம் சொல்லி வைக்க வேண்டும்: காலையில் வரவில்லை என்றாலும் கூலி உண்டு என்று. கொடுத்த பணம் வீணாகிறதே என்ற எண்ணம் எத்தனையோ பேரை இறங்கக் கூடாத நாளில் இறக்கியிருக்கிறது. பணத்தை முன்கூட்டியே இழந்ததாக வைத்துக்கொண்டால் அந்த எண்ணத்துக்கு இடமில்லாமல் போகும்.

முகத்துவாரத்தைத் தாண்டும்போது படகு குதிக்கும். அதன்பின் கரையில் தென்னை வரிசை கோடாகிறது. கப்பல் கிடக்கும் இடம் மீனவர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். இன்று செயற்கைக்கோள் கருவியும் காட்டிவிடுகிறது. மேலே நிற்கும்போது நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும். நங்கூரக் கயிறு சாய்ந்து இழுத்துக்கொண்டு நின்றால், மிதவை தண்ணீருக்குள் அமிழ்ந்தால், அன்றைய பயணம் அங்கேயே முடிகிறது. படகோட்டிக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது: எத்தனை மணிக்கு எந்த நிற மிதவை எழும், எழாவிட்டால் எத்தனை நிமிடத்தில் யாருக்குத் தகவல். “ஐயா, குமிழி தெரியிற வரைக்கும் நான் விலக மாட்டன்” என்று சொல்லும் ஒருவர் கிடைத்துவிட்டால் அடுத்த ஆண்டும் அவரையே தேடிப் போகிறார்கள்.

கயிற்றைத் தொட்டபடி இறங்குவது மூன்று நிமிட வேலை. 6 மீட்டரில் ஒரு நிறுத்தம்: ரெகுலேட்டர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி மூச்சுவிட்டு, குமிழி கசிகிறதா என்று துணையிடம் காட்டி, இதயத் துடிப்பு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அடங்காவிட்டால் ஏறிவிடலாம், அந்த ஆழத்திலிருந்து ஏறுவதற்கு எந்தக் கடனும் இல்லை. 30 மீட்டரைத் தாண்டியதும் சிவப்பும் மஞ்சளும் போய்விடும். தெளிந்த நாளில், கால்களுக்குக் கீழே நீலத்தில் ஒரு கருமை திரள்கிறது. அது அடித்தரை என்று முதலில் தோன்றும். நெருங்க நெருங்க அதற்கு ஒரு விளிம்பு வருகிறது, அப்புறம் ஒரு வளைவு. இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் கப்பலின் பக்கச்சுவர் அது.

பீரங்கி மேடைகளும் கிழிந்த இரும்புத் தகடுகளும் பவளத்தாலும் கடற்பாசியாலும் போர்த்தப்பட்டுக் கிடக்கின்றன. பாரைக் கூட்டம் சுவரை ஒட்டித் திரும்புகிறது. உள்ளே களவாய் மீன்கள் ஆளளவுக்கு வளர்ந்து நிற்கும். இத்தனைக்கும் நடுவே தூண்டில் நரம்புகளும் அறுந்த வலைத்துண்டுகளும் கண்ணுக்குத் தெரியாமல் தொங்குகின்றன. முதியவர் கப்பலின் மேல்விளிம்போடு நிற்கிறார். அடிமணல் வரை இறங்குவதில்லை. பத்து மீட்டர் ஆழம் மிச்சப்பட்டால் காற்றும் மிச்சம், நிறுத்தமும் குறைவு, கப்பல் முழுவதாகவும் தெரியும். உள்ளே நுழைவதில்லை. இது போர்வீரர்களின் கல்லறை என்ற காரணம் ஒன்றே போதும். ஒரு பித்தளை ஆணியைக்கூட எடுக்கக் கூடாது.

திரும்பும் நேரம் கரையில் முடிவானது. கடலில் மாற்ற உரிமை இல்லை. 12ஆவது நிமிடத்தில், கண் முன்னே எது இருந்தாலும், கயிற்றை நோக்கித் திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 21 மீட்டரில் ஆக்சிஜன் 50 விழுக்காடு கலந்த வாயுவுக்கு மாற வேண்டும். இதே வாயுவைத் தவறுதலாக 53 மீட்டரில் இழுத்தால் ஆக்சிஜனின் அழுத்தம் 3 பாரைத் தாண்டி வலிப்பு வரும். அதனால் அந்தச் சிலிண்டரின் கழுத்தில் 21 என்று பெரிய எழுத்தில் ஒட்டி, மாற்றுமுன் துணையின் கண் முன்னே விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகு கால் மணி நேரத்துக்குக் குறையாமல் படிப்படியான நிறுத்தங்கள். வயது ஏற ஏறத் திசுக்களிலிருந்து நைட்ரஜனும் ஹீலியமும் வெளியேறுவது மந்தமாகிறது என்று கொண்டு, கணினி கேட்பதற்கு மேலும் ஐந்து பத்து நிமிடம் 6 மீட்டரில் இருந்துவிட்டு வருவது நல்லது. கீழே எதுவும் இல்லாத நீலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் இந்த நேரம் பொறுமையைக் கேட்கும். இளமையில் இது சலிப்பு. முதியவர்கள் இதில் நன்றாக இருக்கிறார்கள்.

மேலே வந்ததும் ஆபத்து முடிந்ததாக எண்ணிப் பலர் உழைக்கத் தொடங்குகிறார்கள். இதயம் நின்றவர்கள் பலர் நீர்மட்டத்திலும் ஏணியிலும் விழுந்தவர்களே. சிலிண்டர்களைத் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் உடலோடு ஏணியில் மெல்ல ஏற வேண்டும். பிறரிடம் சுமையைக் கொடுக்கக் கூச்சப்படுபவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

கிழக்குக் கரையில் சங்கும் கடலட்டையும் எடுத்துப் பிழைக்கும் சுழியோடிகள் நாளொன்றுக்குப் பல முறை சிலிண்டரோடு இறங்குகிறார்கள். நிறுத்தம் இல்லாமல் மேலே வந்து கால் மரத்துப்போனவர்களும், நடக்க முடியாமல் போனவர்களும் அவர்களில் உண்டு. பொழுதுபோக்குக்காக வருபவரின் ஐம்பது வகைக் கருவியும் அவர்களிடம் இல்லை; பிழைப்பு அவர்களை அவசரப்படுத்துகிறது. அவர்களுடைய உடலில் எழுதப்பட்டிருக்கும் பாடம் எந்தப் பயிற்சிப் புத்தகத்தைவிடவும் கனமானது. இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து வண்டியில் 3 மணி நேரம் அளவில். அந்தத் தொலைபேசி எண்ணும், ஒரு சிலிண்டர் தூய ஆக்சிஜனும் படகு கிளம்புமுன் கையில் இருக்க வேண்டும்.

முதியவருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அழுத்தத் தளர்வு நோயின் முதல் குறி பெரும்பாலும் தோளிலோ முழங்காலிலோ வரும் மந்தமான வலி. அறுபது வயதில் தோளும் முழங்காலும் எப்போதும் வலிக்கின்றன. பழைய வாதம் என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டால் விடியும்போது கால் வராது. மூழ்குமுன் எங்கெங்கே வலி இருந்தது என்று காலையிலேயே எழுதி வைப்பது இதற்காகத்தான். மாலையில் அந்தத் தாளில் இல்லாத வலி ஒன்று தோன்றினால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு திருகோணமலைக்குப் பேச வேண்டும்.

உடலில் மிஞ்சிய வாயு முழுவதும் வெளியேறும் வரை உயரம் ஆகாது. விமானத்துக்குக் குறைந்தது 24 மணி நேர இடைவெளி வேண்டும். மகியங்கனை வழியே கண்டிக்குப் போகும் சாலையையும் அந்த நேரத்தில் தவிர்க்க வேண்டும்; பதினெட்டு வளைவு ஏறும்போது காற்றழுத்தம் குறைகிறது, மூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் குமிழி பெரிதாகும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில் பாதை மலைநாட்டைத் தொடாமல் தாழ்நிலத்திலேயே சுற்றிப் போகிறது. ஒரு நாள் கல்லடியில் தங்கிவிட்டு, மறுநாள் ரெகுலேட்டரை நன்னீரில் அலசிக் காயவைத்து, அந்த ரயிலில் திரும்பலாம்.